மூன்றாவது வாய்ப்புக்கு முன்: ஜெர்மனியில் ஒரு இளநிலை மாணவர், ஒரு நிகழ்வு ஆய்வு

நான் ஜெர்மன் மொழி ஆசிரியை. என்னிடம் படித்துவிட்டு இளநிலைப் படிப்புக்காக ஜெர்மனி போன ஒரு மாணவரின் ஆறு வருடங்களை இங்கே பதிவு செய்கிறேன். அவரும் அவருடைய பெற்றோரும் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன். ஊர், கல்வி நிறுவனம், பெயர் எதுவும் இதில் வராது. ஒரு பாடத்தில் இரண்டு முறை தோற்று, மூன்றாவதிலும் தோற்றால் படிப்பே போய்விடும் என்ற நிலைக்கு அவர் வந்தார். அதே சிக்கலில் அதற்குப் பிறகு இன்னும் சிலரைப் பார்த்துவிட்டேன். அதனால்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

பின்னணி

மாணவர் 2016-இல் பன்னிரண்டாம் வகுப்பை 84 சதவீதத்தோடு முடித்தார். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்க ஆசை. தனியார் கல்லூரிக் கட்டணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்த அப்பாவுக்கு, ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணமே இல்லை என்ற செய்தி பெரிய நிம்மதியாக இருந்தது. அது உண்மையும்கூட. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் மட்டும் 2017 குளிர்கால செமஸ்டரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்க ஆரம்பித்திருந்தது. அந்த மாநிலத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்.

பலருக்குத் தெரியாத முதல் தடை இங்கேதான் இருக்கிறது. இந்தியாவின் பன்னிரண்டாம் வகுப்பு மட்டும் கையில் இருந்தால் ஜெர்மன் பல்கலையில் நேரடியாக முதலாண்டு சேர முடியாது. ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறியிருக்க வேண்டும், அல்லது இங்கே அங்கீகாரம் பெற்ற பல்கலையில் ஒரு வருடமாவது படித்திருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ஷ்டூடியன்கொலெக் எனப்படும் ஒரு வருட ஆயத்தப் படிப்பு. அதில் நுழையவே ஜெர்மன் மொழியிலும் கணிதத்திலும் தேர்வு உண்டு. இவர் மூன்றாவது வழியில் போனார்.

2016 ஜூலையில் என்னிடம் ஏ1 என்ற தொடக்க நிலை ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தவர், 2017 மே மாதம் அதிலிருந்து நான்காவது நிலையான பி2 தேறினார். பத்து மாதம் என்பது வேகம்தான். விசாவுக்கு, வாழ்க்கைச் செலவுப் பணம் இருக்கிறது என்று காட்டும் பிளாக்டு அக்கவுன்டில் அன்றைய விதிப்படி 8,640 யூரோ போட வேண்டும். மாதம் 720 யூரோ மட்டும் எடுக்கலாம். இந்தப் பணத்தில் பாதிக்கு மேல் கடன். கடனின் வட்டி பிறகு இந்தக் கதையில் திரும்ப வரும்.

ஆயத்த வருடம்

2017 செப்டம்பரில் நுழைவுத் தேர்வு எழுதித் தேறினார். தொழில்நுட்பப் படிப்புகளுக்கான டி-கோர்ஸ். வாரம் 30 மணி நேரத்துக்குப் பக்கமாக வகுப்பு, வருகைப்பதிவு கட்டாயம், சிறிய வகுப்பறை, பேர் சொல்லிக் கூப்பிடும் ஆசிரியர்கள். 2018 கோடையில் இறுதித் தேர்வில் 2.5 வாங்கினார். ஜெர்மனியில் 1.0 உச்சம், 4.0 தேர்ச்சி, 5.0 தோல்வி. நம்முடைய 84 சதவீதத்தை அவர்கள் ஒரு சூத்திரம் போட்டு மாற்றுவார்கள்: 100-இலிருந்து 84-ஐக் கழித்து, அதை 65-ஆல் (100-இலிருந்து தேர்ச்சி மதிப்பெண் 35 போக மீதி) வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் 1.7 வரும். இரண்டின் சராசரி 2.1. கணிதத்தில் மட்டும் தனியாக 1.7 எடுத்திருந்தார். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கல்வி நிறுவனம் என்ற கேள்வி அப்போது வந்தது. ஜெர்மனியில் இரண்டு வகை உண்டு. ஒன்று பல்கலைக்கழகம்: கோட்பாடு கனமாக இருக்கும், வகுப்புகள் பெரிது, இளநிலை வழக்கமாக ஆறு செமஸ்டர். இன்னொன்று பயன்பாட்டு அறிவியல் நிறுவனம். பேச்சில் எஃப்ஹெச் என்பார்கள். இங்கே சிறிய குழுக்கள், பெரும்பாலும் ஏழு செமஸ்டர், அதில் ஒன்று முழுக்கத் தொழிற்சாலைப் பயிற்சி. இளநிலைப் பட்டத்துக்கு இரண்டிலும் ஒரே மதிப்புதான், இரண்டிலிருந்தும் முதுநிலைக்குப் போகலாம். குடும்பம் பெயர்பெற்ற தொழில்நுட்பப் பல்கலையைத் தேர்ந்தெடுத்தது. இவருக்கு எஃப்ஹெச் பொருந்தும் என்று எனக்கு மனதில் பட்டது, ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. இடம் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தவர்களிடம் மறுபேச்சு பேச மனம் வரவில்லை.

முதல் செமஸ்டர்

2018 அக்டோபரில் வகுப்புகள் தொடங்கின. கணிதம் ஒன்று என்ற பாடத்துக்குச் சில நூறு பேர் உட்காரும் அரங்கம். வருகைப்பதிவு கிடையாது. வாராவாரம் பயிற்சித் தாள் வரும், செய்து கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஆயத்த வருடத்தில் கையைப் பிடித்து நடத்திய இடத்திலிருந்து வந்தவருக்கு இந்த அமைதி, எல்லாம் சரியாகத்தான் போகிறது என்ற நினைப்பைக் கொடுத்தது.

நவம்பரில் ஒரு பார்சல் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். வரி இல்லாமல் சம்பாதிக்கக்கூடிய மினிஜாப் வரம்பு அப்போது மாதம் 450 யூரோ. மாணவர்களுக்கு வருடத்தில் 120 முழு நாள் அல்லது 240 அரை நாள் வேலை செய்ய அனுமதி. ஆக, சட்டப்படி எந்தத் தவறும் இல்லை. வேலை நேரம் அதிகாலை 4 மணியிலிருந்து 8 மணி வரை. கணித வகுப்பு 8.15-க்கு. அந்தச் சம்பளத்தில் ஒரு பகுதியை வட்டி கட்ட வீட்டுக்கு அனுப்பினார். வீட்டில் யாரும் கேட்கவில்லை, இவராகவே அனுப்பினார்.

2019 பிப்ரவரியில் கணிதத் தேர்வு. 90 நிமிடம், கால்குலேட்டர் கூடாது, கையால் எழுதிய ஒரே ஒரு ஏ4 தாள் கொண்டுபோகலாம். முதல் கணக்கிலேயே 40 நிமிடம் செலவழித்துவிட்டார். முடிவு 5.0.

அவருக்குப் பெரிய கவலை வரவில்லை. அன்று என்ன நினைத்தார் என்று பிறகு கேட்டேன். “அரியர்தானே மேடம், அடுத்த தடவை கிளியர் பண்ணிக்கலாம்னு நினைச்சேன்” என்றார். நம்மூர் இன்ஜினியரிங் கல்லூரியில் அரியர் என்பது தூக்கிக்கொண்டு போகிற சுமை. கடைசி வருடத்தில்கூட எழுதித் தேறலாம். அந்த ஒரு சொல்லைத்தான் அவர் இங்கிருந்து பெட்டியில் போட்டுக்கொண்டு போயிருந்தார்.

காய்ச்சல் வந்த நாள்

அவருடைய பல்கலையில், தோற்ற பாடத்தின் அடுத்த தேர்வுக்குப் பெயர் தானாகவே பதிவாகிவிடும். அது 2019 செப்டம்பரில் வந்தது. தேர்வன்று காலை 39 டிகிரி காய்ச்சல். அறையிலேயே படுத்துவிட்டார். போகாவிட்டால் எழுதாத தேர்வு, அதனால் கணக்கில் வராது என்று நினைத்தார். டாக்டரிடமும் போகவில்லை, தேர்வு அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல்கூட அனுப்பவில்லை.

ஐந்து வாரம் கழித்து மாணவர் தளத்தில் பார்த்தபோது அந்தப் பாடத்துக்கு நேராக “5,0 என்.ஈ.” என்று இருந்தது. வரவில்லை என்பதன் சுருக்கம் அது. வராததும் தோல்விதான். உடல்நலக் குறைவு என்றால் உடனே டாக்டர் சான்றிதழ் வாங்கி, சில நாட்களுக்குள் தேர்வு அலுவலகத்தில் கொடுத்திருக்க வேண்டும். அந்தக் கெடு எப்போதோ முடிந்திருந்தது.

அதே பக்கத்தின் கீழே ஒரு வரி இருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் நவம்பர் மாதம் ஓர் இரவு எனக்குக் குரல் செய்தி அனுப்பினார்: “மேடம், ஒரு டவுட். எண்ட்கூல்டிக்னா இறுதியாங்கிற அர்த்தம்தானே? வேற அர்த்தம் எதுவும் இருக்கா?”

வேறு அர்த்தம் இல்லை. அந்தச் சொல்லை நான்தான் அவருக்கு பி1 வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். மறுநாள் காலை போன் செய்தேன்.

அப்போது கண்டவை

மூன்று விஷயங்களை அனுப்பச் சொன்னேன்: மதிப்பெண் பக்கத்தின் படம், வேலை அட்டவணை, அந்தப் படிப்புக்கான தேர்வு விதித்தொகுப்பு. விதித்தொகுப்பை இருவரும் போனிலேயே பத்தி பத்தியாகப் படித்தோம். ஒரு தேர்வுக்கு மூன்று வாய்ப்பு. மூன்றாவதிலும் தோற்றால் இறுதித் தோல்வி. அதன் விளைவு ஒரு பாடத்தோடு நிற்காது. அந்தப் படிப்பிலிருந்தே பெயர் நீக்கப்படும், அதே துறையை ஜெர்மனியின் வேறு பல்கலைகளிலும் தொடர முடியாது. இந்த விதியின் கூர்மை இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். ஆனால் ஜெர்மன் உயர்கல்வியில் இது பரவலாக இருக்கிற நடைமுறை, அந்த நாட்டு மாணவர்களுக்கும் இதே விதிதான்.

வேலை அட்டவணையைப் பார்த்தபோது எனக்கே சங்கடமாக இருந்தது. பிப்ரவரித் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் நான்கு நாள் அதிகாலை வேலை. பதிமூன்று பயிற்சித் தாளில் ஒன்பதைக் கொடுத்திருக்கிறார். அதில் கடைசி ஐந்தும் நண்பரைப் பார்த்து எழுதியவை. பழைய கேள்வித்தாள்களைத் துறையின் மாணவர் சங்கம் சேர்த்து வைத்திருக்கும். இரண்டாவது வருடம் தொடங்கும்வரை அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை.

ஆயத்த வருடத்தில் கணிதத்தில் 1.7 எடுத்தவர் இவர். மொழியும் தடையாக இல்லை. இரண்டு தோல்வியில் ஒன்று தூக்கமின்மை, இன்னொன்று விதி தெரியாமை. இதை அவரிடம் வெளிப்படையாகச் சொன்னேன். ஏனென்றால் அப்போது அவர் “எனக்கு மூளை இல்ல மேடம்” என்ற இடத்துக்குப் போயிருந்தார். மாணவர் நல அமைப்பு நடத்தும் இலவச மனநல ஆலோசனைக்குப் போகச் சொன்னேன். இரண்டு வாரம் தயங்கிவிட்டுப் போனார். நான்கு சந்திப்புகள். அங்கே என்ன பேசினார் என்று கேட்டதில்லை.

வீட்டுக்கு எதுவும் தெரியாது. ஒரு வருடமாக “நல்லாப் போகுதுப்பா” என்ற பதில்தான் போயிருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் வீட்டுக்குச் சொல்வது. அதை அவரே சொல்ல வேண்டும், நான் கூட இருப்பேன் என்று ஏற்பாடு. மூவரும் வீடியோ அழைப்பில் இருந்தோம். அப்பா நீண்ட நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து, “டீச்சர், அந்த விதியை எனக்கும் ஒரு தடவை தமிழ்ல படிச்சுக் காட்டுங்க” என்றார். படித்தேன். மூன்றாவது வாய்ப்பு என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி இரண்டாவது முறையும் கேட்டார். அப்புறம் மகனிடம் ஒரே கேள்வி: “பணம் அனுப்பச் சொல்லி நாங்க கேட்டோமாப்பா?”

அன்றே அந்த அதிகாலை வேலை நின்றது.

அடுத்த கேள்வி, மூன்றாவது முறை எழுதுவதா? 2020 பிப்ரவரி 26-இல் தேர்வு, பெயர் ஏற்கெனவே பதிவாகிவிட்டது. எழுதினால் தேறியிருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் எழுத வேண்டாம் என்ற பக்கமே நின்றேன். தேறினால் கிடைப்பது ஒரு பாடம். அதற்குப் பிறகு கணிதம் இரண்டு, இயக்கவியல் இரண்டு, வெப்பவியல் என்று இதே அளவு கனமான பாடங்கள் வரிசையில் நிற்கின்றன, அவற்றுக்கும் இதே மூன்று வாய்ப்பு விதிதான். தோற்றால் போவது அந்தத் துறையே. இதைத் தட்டில் வைத்து நிறுத்துப் பார்த்தபோது, மாறுவதுதான் சரி என்று மாணவருக்கும் பட்டது. துறையை மாற்றுவது பற்றியும் பேசினோம். கணினி அறிவியலுக்குப் போனாலும் கணிதம் பின்னாலேயே வரும், அதோடு அவருக்கு அதில் ஆசையும் இல்லை. ஊர் திரும்புவதை அம்மா ஒருமுறை கேட்டார். கடனை நினைத்து யாரும் அதைத் தொடரவில்லை.

ஆக, அதே துறை, ஆனால் எஃப்ஹெச். காலம் குறைவாக இருந்தது. கோடை செமஸ்டருக்கு விண்ணப்பக் கடைசி நாள் ஜனவரி 15. கோடையில் முதலாண்டு மாணவர்களைச் சேர்க்கும் இடங்களும் குறைவு. வெளிநாட்டவர் அலுவலகக் கணக்கு ஒன்றும் இருந்தது: படிப்பு தொடங்கி 18 மாதத்துக்குள் மாறினால் ரெசிடென்ஸ் பெர்மிட்டில் சிக்கல் வராது, அதைத் தாண்டினால் விளக்கம் கேட்பார்கள் என்று பல்கலையின் பன்னாட்டு மாணவர் ஆலோசகர் சொன்னார். 2018 அக்டோபரிலிருந்து எண்ணினால் 2020 மார்ச்சோடு 18 மாதம்.

விண்ணப்பத்தோடு ஒரு சான்றிதழ் கேட்டார்கள். இந்தத் துறையில் தேர்வெழுதும் உரிமையை மாணவர் இழக்கவில்லை என்று பழைய பல்கலை எழுதித் தர வேண்டும். மூன்றாவது முறை எழுதித் தோற்றிருந்தால் இந்தத் தாள் கிடைத்திருக்காது. மொத்த விஷயமும் இந்த ஒற்றைத் தாளில் வந்து நின்றது. முந்தைய இரண்டு தோல்விகள் புதிய இடத்தில் கணக்கில் வருமா என்பதையும் மின்னஞ்சலில் கேட்டு, வராது என்று எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொண்டார். சில இடங்களில் வரும், அதனால் வாய்மொழியை நம்ப வேண்டாம் என்று வற்புறுத்தியிருந்தேன்.

பிப்ரவரி முதல் வாரத்தில் இடம் கிடைத்தது. அந்தக் கடிதத்தை வெளிநாட்டவர் அலுவலகத்தில் காட்டிவிட்டு, பிப்ரவரி 19-இல், தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால், பழைய பல்கலையிலிருந்து பெயரை எடுத்தார். வரிசை முக்கியம்: முதலில் புதிய இடம், பிறகு அலுவலகத்துக்குத் தகவல், கடைசியில்தான் பெயர் நீக்கம். மார்ச் 1-இல் எஃப்ஹெச்சில் செமஸ்டர் தொடங்கியது.

பிறகு நடந்தது

இரண்டே வாரத்தில் கொரோனா. வகுப்புகள் ஆன்லைனுக்குப் போயின. நான் மிகவும் பயந்தேன். ஆனால் ஐம்பது பேர் குழு என்பதால் பேராசிரியர் பெயர் தெரிந்து பேசினார். மூன்று பேரோடு ஒரு படிப்புக் குழு அமைந்தது, வாரம் இரண்டு மாலை கேமராவைத் திறந்து வைத்துக் கணக்குப் போட்டார்கள். ஜூலையில் கணிதத்தில் 2.7. அந்தப் பக்கத்தின் படத்தை அப்பாவுக்குத்தான் முதலில் அனுப்பினார், எனக்கு மறுநாள் வந்தது.

பழைய இடத்தில் தேறிய பாடங்களில் சிலவற்றை ஏற்றுக்கொண்டார்கள். அதனால் முதல் வருடம் கொஞ்சம் இலகுவாயிற்று. மூன்றாவது செமஸ்டரிலிருந்து துறை ஆய்வகத்தில் உதவியாளர் வேலை, வாரம் எட்டு மணி நேரம், எல்லாம் பகலில். 2022 குளிர்காலத்தில் பயிற்சி செமஸ்டர், 2023 செப்டம்பரில் பட்டம், மொத்த மதிப்பெண் 2.2. பட்டதாரிகளுக்கு வேலை தேட 18 மாத பெர்மிட் உண்டு. அதில் ஐந்தாவது மாதம், பயிற்சி எடுத்த அதே நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கடன் 2025-இல் முடிந்தது. பள்ளி முடித்து வேலைக்குப் போக ஏழரை வருடம். நேராகப் போயிருந்தால் இதில் ஒன்றரை வருடம் மிச்சமாகியிருக்கும்.

எதை மாற்றிச் செய்வேன்

முதலாவதாக, என் வகுப்பு. அப்போது பி2 வரை கதை, செய்தி, கடிதம் என்று நடத்தினேன். இப்போது பி2 வகுப்பின் கடைசி மூன்று வாரம் உண்மையான தேர்வு விதித்தொகுப்பு ஒன்றைத்தான் படிக்கிறோம். எத்தனை வாய்ப்பு, தேர்விலிருந்து விலகக் கடைசி நாள் எது, உடல்நலமில்லை என்றால் என்ன தாள், எத்தனை நாளுக்குள்? இந்த மூன்றையும் மாணவர்கள் தமிழில் எழுதி வீட்டில் படித்துக் காட்ட வேண்டும். பெற்றோர் கையெழுத்தும் வாங்கி வரச் சொல்கிறேன். சிலருக்கு இது சிறுபிள்ளைத்தனமாகப் படுகிறது. படட்டும்.

இரண்டாவதாக, நிறுவனத் தேர்வு. பெயரைப் பேசுவதற்கு முன் முதலாண்டுக் குழுவின் அளவையும், பயிற்சித் தாள் கட்டாயமா என்பதையும், அந்தப் படிப்பின் விதிகளையும் மேசையில் வைக்கிறேன். 2018-இல் வாய்விட்டுச் சொல்லாததை இப்போது சொல்லிவிடுகிறேன். ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம்.

மூன்றாவதாக, பணம். பிளாக்டு அக்கவுன்ட் தொகை 2024 செப்டம்பரிலிருந்து வருடத்துக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992. வேலை வரம்பு 2024 மார்ச்சிலிருந்து 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் ஆகிவிட்டது. இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து, கல்விச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழும் கட்டாயம், அதற்கும் நேரமும் பணமும் ஒதுக்க வேண்டும். வேலை வரம்பு கூடியிருப்பதைப் பார்த்து, முதல் செமஸ்டரிலேயே சம்பாதித்து வட்டி கட்டலாம் என்று கணக்குப் போடும் குடும்பங்கள் வருகின்றன. முதல் செமஸ்டரின் வரவுப் பக்கத்தில் வேலைச் சம்பளத்துக்குப் பூஜ்யம் எழுதச் சொல்கிறேன். அப்படி எழுதினால் கணக்கு நிற்கவில்லை என்றால், இன்னும் ஒரு வருடம் பணம் சேர்த்துவிட்டுப் போகச் சொல்கிறேன்.

இன்னொன்று. காய்ச்சல் வந்த அன்று அவருக்கு அந்த ஊரில் ஒரு டாக்டரின் முகவரிகூடத் தெரியாது. இரண்டு வருடம் அங்கே இருந்தும் ஒருமுறையும் போனதில்லை. ஜெர்மனிக்குப் போன முதல் மாதத்திலேயே வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குடும்ப டாக்டரிடம் பெயர் பதிந்துகொள்ள வேண்டும். தேர்வன்று உடல்நலமில்லை என்று டாக்டர் எழுதித் தர, சில பல்கலைகள் தனிப் படிவம் வைத்திருக்கும். அதில் ஒன்றை அச்செடுத்து இன்ஷூரன்ஸ் அட்டையோடு வைத்துக்கொள்ள வேண்டும். டாக்டர் இல்லாத நேரத்துக்கு நாடு முழுவதற்கும் ஒரே எண் இருக்கிறது, 116117. விமானம் ஏறும் முன் என் மாணவர்கள் எல்லாரும் அதைப் போனில் பதிந்துவிட்டார்களா என்று வாங்கிப் பார்த்துவிடுகிறேன்.